நடுவில் புல் முளைத்த சாலை

“இந்தக் குன்றுகள்ல எனக்குத் தெரியாத ரோடு ஒண்ணு இருந்தா, அது இன்னும் போடாத ரோடாத்தான் இருக்கும். முப்பது வருஷமா ஒருத்தரையும் நான் வழி கேட்டதில்லை. கேட்கப் போறதுமில்லை. கேட்டேன்னு யாராவது நிரூபிச்சா, இந்த விசிலைக் கழட்டி முதல்ல எதிர்ப்படுற வாத்து கழுத்துல மாட்டிடுங்க!”

சொன்னவர் எவாரிஸ்த் கஸ்தேரா. பெயிராக் சைக்கிள் சங்கத்தின் வழித்தலைவர். சொன்ன நேரம், சாப்பாட்டு மேஜையில் பாலாடைக்கட்டி முடிந்து இனிப்பு வருவதற்கு முந்தைய அந்தப் பொன்னான இடைவேளை. சபதங்கள் பிறப்பதற்கென்றே பிரான்சின் தென்மேற்கு மூலையில், கஸ்கோன் நாட்டில் ஏற்படுத்தப்பட்ட இடைவேளை அது.

வாசகரே, இவரை ஒரு தனிமனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஓர் இனம். அமைதிச் சாலைக்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். ஓர் ஊருக்குப் போக நேரான சாலை ஒன்று இருக்கிறது என்பதே இவர்களுக்கு மனவருத்தம் தரக்கூடிய செய்தி. அந்தச் சாலையில் தார் நன்றாக இருக்கிறது என்றால் வருத்தம் இரட்டிப்பாகும். வழிகாட்டிப் பலகையும் வைத்திருக்கிறார்கள் என்றால், அன்று ராத்திரி அவர்களுக்குத் தூக்கம் வராது.

இந்த இனத்தின் வேதப் புத்தகம் மடித்து மடித்து மடிப்பிலெல்லாம் கிழிந்துபோன ஒரு காகித வரைபடம். அதில் சிவப்புக் கோடு என்றால் லாரிகள் போகிற பெருஞ்சாலை; அது பாவிகளுக்கு. மஞ்சள் கோடு, பாவம் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு மூக்கை உரசித் தேடினால் மட்டும் தென்படுகிற மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதுதான் எவாரிஸ்துக்கு. அந்த வெள்ளைக் கோட்டிலும் உத்தமமானது எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். நடுவில் புல் முளைத்த சாலை! இரண்டு பக்கமும் சக்கரம் போகிற அளவுக்குத் தார், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு வரிசைப் புல். அந்தப் புல்லைக் கண்டுவிட்டால் அவர் கையை உயர்த்தி மொத்தக் கூட்டத்தையும் நிறுத்துவார்.

“கேளுங்க,” என்பார். “என்ன கேட்குது?”

ஒன்றும் கேட்காது. ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

மூன்று மணி நேரத்தில் எதிரே வந்தது இரண்டே கார், ஒரு டிராக்டர், டிராக்டர் கணக்கில் சேராது, அதில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது, ஆகவே அதுவும் சேராது, மிச்சம் ஒன்று, அதையும் ஓட்டியது பாதிரியார், எனவே முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவர் அமைதியைக் கணக்கெடுத்துச் சொல்லிக்கொண்டே வருகிற சத்தத்தில் வேலியோரக் குயில்கள் எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குப் பறந்துவிடும். பின்னால் வருகிற பத்துப் பேரும் தலையாட்டுவார்கள். ஏற்றத்தில் தலையாட்டுவது சுலபம்; அது தானாகவே ஆடும்.

ஏற்றம் என்று சொன்னேனா? மன்னிக்கவும். எவாரிஸ்த் அகராதியில் அந்தச் சொல்லே கிடையாது. “இது மேடு இல்லை, ரோடு கொஞ்சம் யோசிக்குது,” என்பார். அடுத்த வளைவில் அது இன்னும் ஆழமாக யோசிக்கும். அந்த நாட்டுக் குன்றுகள் பெரியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நல்ல தலையணை அளவுதான் என்று தூரத்திலிருந்து பார்க்கும்போது தோன்றும். ஆனால் ஒரு தலையணை முடிந்தால் அடுத்த தலையணை. அதன் மேல் ஒரு ஊர், ஊருக்கு ஒரு கோபுரம். இறங்கினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் மறுபடியும் தலையணை. “இனிமே எல்லாம் இறக்கம்தான்” என்று அவர் சொன்னால், சங்கத்தில் அனுபவசாலிகள் உடனே கியரைக் குறைத்துவிடுவார்கள்.

சரி, இந்த இனத்துக்கு வழி தப்பாதா என்று கேட்கிறீர்கள். தப்பவே தப்பாது. வழிதான் அவர்களை விட்டுத் தப்பிப் போகும். அப்படிப் போகும்போது எவாரிஸ்த் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. கண்ணில் படுகிற முதல் பழைய சர்ச்சின் முன்னால் சைக்கிளை நிறுத்துவார். “இந்த வாசல் வளைவைப் பாருங்க. பதினஞ்சாம் நூற்றாண்டு. இதைக் காட்டத்தான் இப்படிச் சுத்திக் கூட்டிட்டு வந்தேன்,” என்பார். எல்லோரும் வாசல் வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் பின்சுவரைப் பார்வையிடப் போவார். பின்சுவருக்குப் பின்னாலிருந்து காகிதம் பிரிகிற சத்தம் வரும்.

ஒன்பது வருஷப் பழக்கத்தில் சங்கத்தார் ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சர்ச்சு எவ்வளவு பழசோ, அவ்வளவு தூரம் வழி தப்பியிருக்கிறது.

போன வருஷம் அது பன்னிரண்டாம் நூற்றாண்டு வரைக்கும் போய்விட்டது.

அதன் விளைவைக் கேளுங்கள். ஒவ்வொரு மே மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தார் பெயிராக்கிலிருந்து கிளம்பி, மோன்ஃபோர் என்ற குன்றின் மேல் இருக்கிற பார்த் அம்மாளின் விடுதியில் மதியம் சாப்பிடுவது வழக்கம். சிவப்புச் சாலையில் போனால் பதினான்கு கிலோமீட்டர். எவாரிஸ்துடன் போனால் அது ஐம்பதுக்குக் குறையாது. பார்த் அம்மாளின் அடுப்புக்கு ஒரு நியாயம் உண்டு. பன்னிரண்டுக்குத் திறக்கும். ஒரு மணிக்கு மூடும். ஒன்று ஐந்துக்கு மந்திரியே வந்து கதவைத் தட்டினாலும், மந்திரிக்குப் பசிக்கக்கூடாத நேரத்தில் பசித்திருக்கிறது என்றுதான் அந்த அம்மாள் நினைப்பாள். போன வருஷம் இவர்கள் ஒன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அந்த அம்மாள் தன் கைக்கடிகாரத்தை ஒரு விரலால் தட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். பதினொரு பேர் பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் உட்கார்ந்து, டப்பா மத்தி மீனும் பாதி ரொட்டியும் பங்கு போட்டார்கள். மழையும் பெய்தது.

அன்றைக்கு நிழற்குடையிலேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் கஸ்பார். கசாப்புக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் என்பது ஒரு சாப்பாட்டிலிருந்து இன்னொரு சாப்பாட்டுக்குப் போகிற வாகனம் என்ற கொள்கை உடையவர். தீர்மானம் இதுதான்: அடுத்த வருஷமும் சோறு போனால், எவாரிஸ்தின் கழுத்தில் தொங்குகிற பித்தளை விசில் கிளெமான்ஸ் கழுத்துக்குப் போகும்.

கிளெமான்ஸ் பல் வைத்தியர். சைக்கிள் கைப்பிடியில் வழி சொல்லும் கருவி வைத்திருந்தவள். “ரோட்டைக் கண்ணால படிக்கணும், பொட்டியால இல்லை” என்று எவாரிஸ்த் போட்ட உத்தரவினால், அந்தக் கருவி அவளுடைய முதுகுப் பைக்குள் நாடு கடத்தப்பட்டிருந்தது.

விசில் போனால் என்ன, வேறு விசில் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். எவாரிஸ்த் முப்பத்தைந்து வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அவர் சொன்னபோது ஊரே கேட்டது. கடையை விற்ற பிறகு அவர் மனைவி கேட்கவில்லை, நாய் கேட்கவில்லை, நகரசபையும் கேட்கவில்லை. விசிலை ஊதினால் மட்டும் பத்துப் பேர் இன்னும் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், வேறு விசில் அதற்கு ஈடாகுமா?

எனவே இந்த வருஷம் அவர் குளிர்காலம் முழுவதும் வரைபடத்தின் மேல் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். கண்டும் பிடித்தார். ஏழு கிலோமீட்டர் நீளம், மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, நேரே மோன்ஃபோர் குன்றின் அடியில் போய் முடிகிறது!

ஒன்பது மணிக்குப் பெயிராக் சதுக்கத்தில் விசில் ஊதி அதை அறிவித்தார். “இருபது வருஷமா ஒரு கார்கூடப் போகாத ரோடு. நான் விசாரிச்சேன்.”

“யாரை விசாரிச்சே? நீதான் யாரையும் கேட்க மாட்டியே,” என்றார் கஸ்பார்.

“பொதுவா விசாரிச்சேன்.”

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. “கஸ்தேரா ஐயா, அந்த ரோட்டுல கார் போகாததுக்கு…”

யோலாந்தின் குரல். அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் இருபத்தெட்டு வருஷம் தபால் கொண்டுபோனவள். சங்கத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றே அழைப்பார்கள். அவள் மட்டும், மருந்துக்கடைக்குக் கடிதம் கொண்டுவந்த காலத்து மரியாதையை இன்னும் விடவில்லை. ஒரு தபால்காரிக்குச் சாலை தெரிந்திருக்கும் என்று ஒன்பது வருஷத்தில் யாருக்காவது தோன்றியதா? இல்லை. தெரியும் என்று சொல்பவர் ஒருவர் முன்னால் போகும்போது, தெரிந்தவரைத் தேடுவதற்கு என்ன அவசியம்?

“ஆச்சரியத்தைக் கெடுக்காதே யோலாந்த்,” என்றார் எவாரிஸ்த்.

அவள் கெடுக்கவில்லை.

காலை அருமையாகப் போனது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோதுமை முழங்கால் உயரம். ஓரமெல்லாம் செம்பாப்பிப் பூ. நெட்டிலிங்க மரங்களுக்கு நடுவே ஒரு ஓடை. பதினொன்றே கால் வரை முக்கால் கார்கூட வரவில்லை. பிறகு வெள்ளைக் கோடு வந்தது. நடுவில் புல்! எவாரிஸ்த் கையை உயர்த்தினார், எல்லோரும் நின்றார்கள், கேட்டார்கள், தலையாட்டினார்கள். ஒரு கிலோமீட்டர் போனதும் புல் கணுக்கால் உயரம் வந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு ஓரங்களிலும் முளைத்தது. நாலாவது கிலோமீட்டரில், நடுவில் தார் முளைத்த புல்வெளி என்று சொல்வதுதான் பொருத்தமாக இருந்தது.

அப்போது கிளெமான்ஸின் முதுகுப் பையிலிருந்து ஒரு பெண் குரல், மிகுந்த பணிவோடு, “முடிந்தால் திரும்பிச் செல்லவும்,” என்றது.

பத்துப் பேரும் எவாரிஸ்தின் முதுகைப் பார்த்தார்கள்.

“முடிந்தால் திரும்பிச் செல்லவும்.”

“அதோட வாயை மூடு கிளெமான்ஸ்!”

“நான் என்ன பண்ணட்டும்? பல்லு இருந்தா பிடுங்கியிருப்பேன்.”

ஐந்தாவது கிலோமீட்டரில் சாலை முடிந்தது. முடிந்த இடத்தில் ஓடை இருந்தது. ஓடையின் இரண்டு கரையிலும் கல் தூண் இருந்தது. தூண்களுக்கு மேலே இருக்க வேண்டிய பாலம், இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாத வெள்ளத்தோடு கிளம்பிப் போனது, திரும்பவில்லை. கார் போகாததற்குக் காரணம் அதுதான்.

வலது கைப்பக்கம் ஒரு பண்ணை வீட்டு முற்றம். வேறு வழியில்லாமல் பதினொரு சைக்கிளும் அதற்குள் நுழைந்தன. அது வாத்துப் பண்ணை. நானூறு வாத்துகள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி எவாரிஸ்தைப் பார்த்தன.

கஸ்பார் சைக்கிளை விட்டு இறங்கி, நிதானமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கேப்டன், கழுத்து நிறைய இருக்கு. விசில்தான் ஒண்ணே ஒண்ணு.”

மணி பன்னிரண்டு இருபது. குன்றின் மேல் மோன்ஃபோர் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று இந்தப் பக்கமாக வீசியதால், வெள்ளை பீன்ஸோடு வேகிற இறைச்சியின் வாசனைகூட வருவதாகக் கஸ்பார் சத்தியம் செய்தார். வந்த வழியே திரும்பிப் போனால் இருபத்தொரு கிலோமீட்டர்.

எவாரிஸ்த் சுற்றிலும் பார்த்தார். சர்ச்சு இல்லை. முற்றத்து மூலையில் இடிந்த புறாக்கூண்டுக் கோபுரம் ஒன்று நின்றது. தொண்டையைச் செருமினார்.

“இந்தப் புறாக்கூண்டைப் பாருங்க. ஒன்பதாம் நூற்றாண்டு.”

“செத்தோம்!” என்று கஸ்பார் தலையில் கை வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டார். “பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கே சோறு போச்சு. இது ஒன்பது!”

கொட்டகையிலிருந்து பண்ணைக்காரர் வெளியே வந்தார். ரப்பர் காலணி, கையில் வாளி. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. எவாரிஸ்த் அவரை நோக்கி நடந்ததைப் பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் இந்த இனத்தை நீங்கள் குறைவாக எடை போட்டுவிட்டீர்கள். வழி கேட்காமலே வழியைத் தெரிந்துகொள்கிற கலையில் அவர் கரைகண்டவர்.

“வணக்கம். மழை வரும் போலிருக்கே?”

“வராது.”

“வந்தா, மோன்ஃபோர் பக்கமிருந்துதான் வருமோ?”

“மேற்கிலேருந்து வரும்.”

“அந்த மேற்கிலேருந்து மோன்ஃபோருக்குப் போற மழை… எந்தப் பக்கமாப் போகும்?”

பண்ணைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். ஆகாயத்தைப் பார்த்தார். எவாரிஸ்தைப் பார்த்தார். “மேலாலதான் போகும்,” என்றார்.

நானூறு வாத்துகளும் ஒரே குரலில் சிரித்தன. அல்லது வாத்துகள் வழக்கமாகப் போடுகிற சத்தம்தான் அது. எவாரிஸ்துக்கு அது சிரிப்பாகவே தோன்றியது. அவர் கை தானாகவே விசிலுக்குப் போனது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வாத்துகளும் ஓய்ந்தன. அப்போதுதான், வாசகரே, அந்தப் பாதையின் உண்மையான அமைதி எல்லோருக்கும் காதில் விழுந்தது. மிகவும் நன்றாக இருந்தது. பசியோடு இருந்ததால் யாரும் பாராட்டவில்லை.

கிளெமான்ஸ் முதுகுப் பையைக் கழற்றி, ஜிப்பைத் திறக்கப் போனாள்.

“கஸ்தேரா ஐயா,” என்றாள் யோலாந்த்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“போன மாசம் சொன்னீங்களே… கொட்டகைக்குப் பின்னால ப்ளம் தோட்டம், அதுக்குள்ள நடைபாதை, கீழ்ப்பக்கம் ஓடையில நடந்து கடக்கிற கல்லு, ஏறினா மோன்ஃபோர் துணி துவைக்கிற குளம், மொத்தம் அரை மணிகூட ஆகாதுன்னு. அதைக் காட்டத்தானே இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

போன மாதம் அவர் அவளிடம் காலை வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. எவாரிஸ்த் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற பொறுமை ஒன்றுதான் இருந்தது.

“அ… அதேதான்!” என்றார். “இவங்க பொறுமையைச் சோதிச்சுப் பார்த்தேன்.” விசிலை வாயில் வைத்து ஊதினார். முதல் ஊதலில் காற்று மட்டும்தான் வந்தது.

“தபாலம்மா, தோட்டத்துக் கதவைத் திரும்பச் சாத்திட்டுப் போ!” என்று பண்ணைக்காரர் பின்னாலிருந்து கத்தினார். “எப்பவும் போல!”

கஸ்பாருக்கு அது காதில் விழுந்தது. ஆனால் அவர் அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் பாதி தூரம் போயிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பத்தேழு. பார்த் அம்மாள் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பக் கை நீட்டியபோது, பதினொரு பேர் சேற்றுக் காலோடு உள்ளே விழுந்தார்கள். பூண்டு சூப் வந்தது. வெள்ளை பீன்ஸோடு வாத்துக்கறி வந்தது. கஸ்பார் இரண்டாம் முறை கேட்டு, மூன்றாம் முறை கேட்காமலே வாங்கிக்கொண்டார். பாலாடைக்கட்டி முடிந்து, உலர்பழப் பணியாரம் வருவதற்கு முன்னால், வழித்தலைவர் யார் என்று கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கிய கை யோலாந்தினுடையது. கடைசியாகத் தூக்கியது கிளெமான்ஸ். பத்துக் கையும் எவாரிஸ்துக்கே.

“சபதம்! சபதம்!” என்று மேஜையைத் தட்டினார் கஸ்பார்.

எவாரிஸ்த் கோப்பையோடு எழுந்தார். குன்றுகளில் ஆரம்பித்தார், இன்னும் போடாத ரோட்டுக்கு வந்தார், முப்பது என்ற எண்ணிக்கையை முப்பத்தொன்று ஆக்கினார், ஒருத்தரையும் கேட்டதில்லை என்ற இடத்தில் மட்டும் பணியாரத்தைப் பார்த்துப் பேசினார். கைதட்டல் பிரமாதமாக இருந்தது. யோலாந்தும் தட்டினாள்.

இங்கே நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். போன முறை குடும்பத்தோடு எங்கோ கிளம்பியபோது, “இந்தப் பக்கம் போனா கூட்டமே இருக்காது” என்று சொன்னது யார்? ஓரத்தில் நின்ற மனிதரிடம் கேட்கலாமே என்று பின்சீட்டிலிருந்து வந்த யோசனையைக் காதில் வாங்காதது யார்? வழி தவறிய இடத்தில் ஏரி அழகாக இருக்கிறது, எல்லோரும் இறங்கிப் பாருங்கள் என்று சொன்னது யார்? அதற்குப் பிறகு எப்படியோ சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களே, வழியில் உங்கள் வீட்டு அம்மாள், “நீங்க அப்பவே சொன்னீங்களே, அந்த வேப்பமரத்துக்கிட்டத் திரும்பணும்னு…” என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சொல்லவே இல்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

போகட்டும். கணக்கை முடித்துவிடுவோம்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் விடுதி வாசலில், நிறைந்த வயிற்றோடு, சைக்கிளில் ஏறுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து நாலு பக்கமும் நாலு சாலை இறங்கிப் போனது. எவாரிஸ்த் நாலையும் பார்த்தார். விசிலை எடுத்தார். ஊதவில்லை. மெதுவாகக் கூட்டத்தின் பின்பக்கம் போய், யோலாந்தின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கல் மாதிரி இருந்த டயருக்குத் தன்னுடைய பம்பை மாட்டி அடிக்க ஆரம்பித்தார். அந்தப் பம்பு நிறையச் சத்தம் போடும்.

“யோலாந்த்,” என்றார், டயரைப் பார்த்துக்கொண்டே. “பெயிராக்குக்கு… எந்தப் பக்கம்?”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“காத்துப் போதும் ஐயா, வெடிச்சிடும். இடது பக்கம்.”

அவர் பம்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. விடுதிக் குளத்திலிருந்து, அன்றைய சட்டிக்குத் தப்பிய வாத்து ஒன்று மட்டும் கரையேறி, கழுத்தை நன்றாக நீட்டிக்கொண்டு, அவரை நோக்கி நடந்து வந்தது.